ஒரே தாய்ச்சுவடியின் நான்கு படிகள்

1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மகாராஷ்டிரத்தின் கில்லாரி அதிர்ந்தபோது, இந்திய நிலநடுக்க மண்டல வரைபடத்தில் அப்பகுதி முதல் மண்டலத்தில் இருந்தது. மிகக் குறைந்த இடர் என்பது அதன் பொருள். 6.2 அளவுள்ள அந்த நிலநடுக்கத்தில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் இறந்தனர். 2002 திருத்தத்தில் முதல் மண்டலமே நீக்கப்பட்டது.

இன்று தீபகற்ப நகரங்களுக்கு, 1968இல் கார்னெல் வகுத்த நிகழ்தகவு முறையில் இடர் மதிப்பீடுகள் செய்யப்படுகின்றன. அத்தகைய ஆய்வேடுகள் பலவற்றின் இறுதியில் ‘உணர்திறன் பகுப்பாய்வு’ என்றோர் இயல் வருகிறது. மூன்று நான்கு நிலஅசைவு மாதிரிகள் தர்க்கமரத்தின் கிளைகளாக நிற்கும். அவற்றின் எடைகளை மாற்றிப் பார்ப்பார்கள். விடை பெரிதும் அசையாது. ஆகவே முடிவு உறுதியானது என்று இயல் நிறைவுறும். அந்த ‘ஆகவே’தான் ஐயத்துக்குரியது.

நிலஅசைவு மாதிரி என்பது, இன்ன அளவுள்ள நிலநடுக்கம் இன்ன தொலைவில் நிலத்தை எவ்வளவு உலுக்கும் என்று கூறும் சமன்பாடு. கலிபோர்னியாவிலும் ஜப்பானிலும் அது பெரும்பாலும் பதிவுகளிலிருந்து பிறக்கிறது. தீபகற்ப இந்தியாவிலோ வலுவான அதிர்வுகளின் பதிவுகள் அரிது. 1967 கொய்னா நிலநடுக்கத்தின் புகழ்பெற்ற பதிவு, அணையின் உடலுக்குள் இருந்த கருவி தந்தது. 2001 புஜ் நிலநடுக்கத்தின் முதன்மை அதிர்வுக்குப் பலரும் எடுத்தாளும் முடுக்கப் பதிவோ, நடுமையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அகமதாபாத்துக் கட்டடம் ஒன்றிலிருந்து வந்தது. எனவே ரகுகாந்த், ஐயங்கார் இருவரும் 2007இல் தந்த மாதிரி உருவகக் கணிப்பைச் சார்ந்தது. அதனருகில் வைக்கப்படும் கிழக்கு வட அமெரிக்க மாதிரிகள் பலவும் அதே வழியில் வந்தவை. வேறு வழியின்மை புரிந்துகொள்ளத்தக்கதே.

ஓலைச்சுவடிப் பதிப்பில் ஈடுபட்டோர் அறிந்த நெறி ஒன்று இங்கே உதவும். நான்கு சுவடிகள் ஒரே பாடத்தைத் தருகின்றன என்பதால் மட்டும் அப்பாடம் உறுதிப்படாது. நான்கும் ஒரே தாய்ச்சுவடியின் படிகளாயின், சான்று ஒன்றுதான். மாதிரிகளுக்கும் இது பொருந்தும். ஒரே இயற்பியல் எளிமைப்படுத்தலில் பிறந்தவை தமக்குள் ஒத்துப்போவதில் வியப்பில்லை. எடைகளை மாற்றும் சோதனை கிளைகளுக்கு இடையிலான வேற்றுமையையே அளக்கிறது. அவை அனைத்தும் சேர்ந்து அறியாதது அதில் அகப்படாது.

சோதனை நடக்கவேண்டிய இடம் தாய்ச்சுவடி. பிளவுத்தளத்தில் தகைவு எவ்வளவு வீழ்கிறது என்ற ஒரே உள்ளீட்டை இரட்டித்தால், எளிய மூல மாதிரியில் உயர் அதிர்வெண் முடுக்கம் ஏறத்தாழ 1.6 மடங்காகிறது. தீபகற்பத்தின் பெரிய நிலநடுக்கங்களுக்கு அந்த மதிப்பை நேரடியாக நிறுவும் தரவு மிகச் சொற்பம். அடுத்தது சிக்மா. பதிவுகளிலிருந்து பிறந்த மாதிரிகளில் இயல் மடக்கை அளவில் அது 0.6, 0.7 என்ற அளவில் இருக்கும். ஒரு சிக்மா மேலே சென்றால் அசைவு ஏறத்தாழ இருமடங்கு. உருவகத்தில் பிறந்த மாதிரியின் சிக்மாவோ, ஆய்வாளர் உள்ளீடுகளுக்கு வகுத்த வரம்புகளின் எதிரொலி. வரம்பு குறுகினால் சிக்மாவும் குறுகும். 475 ஆண்டு மீள்காலத்தைவிட 2475 ஆண்டு மீள்காலத்தில் விடை அதற்கேற்ப மேலும் தாழும். எடைகளை மட்டும் மாற்றும் அட்டவணைகளில் இது தென்படுவதே இல்லை.

இவற்றையெல்லாம் சேர்த்தால் விடையின் பட்டை அகன்றுவிடும், பொறியாளருக்குப் பயன்படாது என்பர். அந்த எதிர்வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. கம்பியின் பருமனை முடிவுசெய்பவருக்கு ஓர் எண் வேண்டும். ஆனால் சராசரியோடு 84ஆம் நூற்றுமானத்தையும் தருவது கடினமன்று. அணையையோ அணுவுலையையோ வடிவமைப்பவர் அதைக் கேட்கவே செய்வார். அடுத்த முடுக்கமானியை எங்கே நடுவது என்று முடிவுசெய்ய வேண்டியவருக்கோ, பட்டை எங்கே, எதனால் அகல்கிறது என்பதுதான் தேவை. ‘விடை அசையவில்லை’ என்று முடியும் இயலைப் படிக்கும் நிதிக்குழு, புதிய கருவிக்கு ஏன் பணம் ஒதுக்கவேண்டும்?