பிழைப்பா? வாழ்வா?

"நீங்கள் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வீர்கள்!"

செபராங் பிறையில் ஒரு தோட்டம் கைமாறியபோது, லயத்தைக் காலி செய்யச் சொன்ன நிர்வாகி ஒருவர் உதிர்த்த பொன்மொழி இது. பாராட்டு என்று நினைத்தே சொன்னார். நம்மவர் சிலர் தலையையும் ஆட்டினார்கள். செக்ரோலும் கையுமாகப் பக்கத்தில் நின்ற நாமும் அன்று வாய் திறக்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறோம்.

தோழர்களே! பிழைப்பு என்னும் சொல்லைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். பிழை என்றால் தவறு. காலரா கண்டவன் எழுந்து உட்கார்ந்தால் பிழைத்தான் என்கிறோம். கப்பல் கவிழ்ந்து கரையேறினாலும் பிழைத்தான் என்கிறோம். சாவின் குறி தவறியது, அவ்வளவே! செத்துப்போகவில்லை என்பதற்குமேல் அச்சொல்லில் ஒன்றுமில்லை. அதற்குச் சுற்றத்தாரும் உண்டு: சீவனம், காலட்சேபம், வயிற்றுப்பாடு, வயிறு கழுவுதல், நாளைத் தள்ளுதல். எல்லாம் ஒரே பானைக் கஞ்சி. மலாய்த் தோழர் 'சாரி மாக்கான்' என்கிறார். சோறு தேடுதல் என்று பொருள். சூலியா தெருவில் தள்ளுவண்டி போடும் சீனரும் அதையேதான் சொல்கிறார்.

ஆனால் வேறுபாடு தமிழுக்குத் தெரியும். கணவனைப் பிரிந்து தாய்வீட்டில் இருக்கும் பெண்ணை ஊர் 'வாழாவெட்டி' என்கிறது. (கொடிய சொல், அது ஒழியவேண்டும் என்பது வேறு கதை.) அவள் உண்கிறாள், உடுக்கிறாள், உழைக்கிறாள்; ஆயினும் வாழவில்லையாம்! நொடித்துப்போன பணக்காரனை 'வாழ்ந்து கெட்டவன்' என்கிறோம். 'பிழைத்துக் கெட்டவன்' என்று எவரையாவது சொன்னதுண்டா? பிழைப்பவனிடம் கெடுவதற்கு என்ன இருக்கிறது? நமக்குக் கிடைத்த பட்டம் 'பிழைக்க வந்தவன்'. பினாங்குத் துறையில் கப்பலைவிட்டு இறங்கியவன் பாட்டன். இங்கேயே பிறந்து இங்கேயே வளர்ந்த பேரனும் பிழைக்க வந்தவனாம்! அவன் வந்தது எந்தக் கப்பலில் ஐயா?

சொல்லில் என்ன இருக்கிறது என்பவர்களுக்குச் சம்பளக் கணக்கைக் காட்டுகிறோம். வெள்ளையர் ஆட்சியில் தோட்டத்து இந்தியருக்கு நிலையான கூலி என்று ஒன்றை நிர்ணயித்தார்கள். எப்படி? அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, துணி எவ்வளவு என்று பட்டியல் போட்டு! ஆள் மறுநாள் விடியலில் பெரட்டுக்கு வந்து நிற்க எவ்வளவு போதும் என்பதே அந்தக் கணக்கு. ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. 1930இல் ரப்பர் விலை சரிந்ததும் அதையும் 40, 32 என்று வெட்டினார்கள். தொழிலாளியின் வயிறு அந்த ஆண்டு சுருங்கிவிட்டதா? 1936இல் இந்திய அரசு அனுப்பி வந்த சீனிவாச சாஸ்திரியார், மிதவாதி என்று பேர் பெற்றவர், அவரும் பழைய 50, 40ஐத் திருப்பிக் கொடுங்கள் என்றுதான் சொல்லிப்போனார்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டது கூலி மட்டுமன்று. துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கமாட்டோம், பிள்ளைகளுக்கு நல்ல படிப்பு வேண்டும், கள்ளுக்கடையை மூடுங்கள் என்றார்கள். பிழைப்புக்குச் சைக்கிள்மீது உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை, வாழ்வுக்கு வேண்டும். பதிலுக்குப் பட்டாளம் வந்தது. துப்பாக்கி வெடித்தது. உயிர்கள் போயின.

இன்று? குறைந்தபட்சச் சம்பளம் 2013இல் 900 வெள்ளி. 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. குரல் கொடுத்துப் பெற்றது, குறைத்துப் பேசவில்லை. ஆனால் பேங்க் நெகாரா 2018இல் ஒரு கணக்கு வெளியிட்டது. கோலாலம்பூரில் தனியாள் ஒருவர் 2016இல் வாழ 2,700 வெள்ளி வேண்டும் என்றது. சமுதாயத்தில் கலந்துகொள்ளவும், தானும் குடும்பமும் முன்னேறவும், கடன் பயமின்றி உறங்கவும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. சொன்னது மத்திய வங்கி, தொழிற்சங்கமன்று! 2016இன் தேவையை 2025இன் சட்டமும் எட்டவில்லை. கோலாலம்பூர் வேறு, தோட்டம் வேறு என்பார்கள். பத்து கவானில் தோட்டம் இருந்த மண்ணில் தொழிற்சாலையும் அடுக்குமாடியும் நிற்கின்றன. 2014இல் இரண்டாம் பாலம் திறந்தபின் அங்கே வீட்டு வாடகை தோட்டக் கணக்கிலா வாங்குகிறார்கள்?

சென்ற முறை கோரிக்கை மனு எழுத உட்கார்ந்தோம். 'எங்கள் பிழைப்புக்குப் போதவில்லை' என்று நம் கையே பழக்கத்தில் எழுதிவிட்டது. அடித்துவிட்டு, 'நாங்கள் வாழப் போதவில்லை' என்று திருத்தினோம். பால்மரம் வெட்டியே முதுகு வளைந்த பெரியவர் ஒருவர் சிரித்தார்.

"அது சரி தம்பி, விடியற்காலை நாலு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பும்போது கிழவியிடம் என்னவென்று சொல்வேன்? வாழப் போகிறேன் என்றா?"

அவருக்கு நாம் பதில் சொல்லவில்லை. மனுவை மட்டும் திருத்தியபடியே அனுப்பினோம்.