கரையில் நிற்பவர் யார்?

வெலிங்டன் தீவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்தான். ஆயினும் இங்குள்ள நம் தமிழ்க் குடும்பங்களில் நீந்தத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஊர்க் கிணற்றில் குதித்துப் பழகிய தலைமுறை எங்களோடு சரி. ஆகவே விடுமுறையில் பிள்ளைகளை நீச்சல் பயிற்சியில் சேர்ப்பது நல்ல காரியமே. நன்றாக நீந்தினால் போட்டிக்கும் அனுப்பலாம். இடுக்கியில் பிறந்து நம் நெய்வேலியில் வளர்ந்த சஜன் பிரகாஷ், 2021 ஜூனில் ரோம் நகரில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 56.38 விநாடியில் நீந்தி, ஒலிம்பிக் 'ஏ' தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரரானார். கழுத்து டிஸ்க் விலகி அவதிப்பட்டு மீண்ட பிறகு கிடைத்த நேரம் அது என்பதையும் பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டும். தோளும் கழுத்தும் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், அது சோம்பேறித்தனம் அல்ல.

நான் வற்புறுத்த விரும்புவது வேறொன்று. ரயில்வேயில் கேங் ஆட்கள் தண்டவாளத்தில் வேலை செய்யும்போது, ஒருவர் மட்டும் கொடியும் விசிலுமாகத் தனியே நிற்பார். லுக்அவுட் மேன் என்போம். வண்டி வருகிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. அவர் கையில் கடப்பாரை இருக்கக் கூடாது. "சும்மாதானே நிற்கிறார், ஒரு கை கொடுக்கட்டுமே" என்று சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார். அதற்கு இணங்கவே கூடாது.

நீச்சல் குளத்தில் அந்த ஆள் யார்? கோச் கையில் ஸ்டாப் வாட்ச் இருக்கிறது. ஒரு பையனுடைய கை வீச்சைத் திருத்துகிறார், இன்னொருவனுக்கு நேரம் சொல்கிறார். அவர் எவ்வளவு திறமைசாலியானாலும் அதே நேரத்தில் லுக்அவுட் மேனாக இருக்க முடியாது. மூழ்குகிறவன் சினிமாவில் வருவதுபோல் கூச்சலிடுவதில்லை. பெரும்பாலும் சத்தமில்லாமல் போய்விடுகிறான்.

தேர்ந்த வீரனுக்கு இது பொருந்தாது என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் ஃபிரான் கிரிப்பன் 2010 அக்டோபர் 23 அன்று ஃபுஜைராவில், வெதுவெதுப்பான கடலில், 10 கிலோமீட்டர் உலகக் கோப்பைப் போட்டியில் இறந்தார். வயது 26. கரையேறிய சக வீரர்தான் "அவரைக் காணோமே" என்று முதலில் தேடியது. அதன் பிறகே திறந்த நீர்ப் போட்டிகளுக்கு 31 டிகிரி என்ற உச்ச வரம்பு வந்தது. நம் காயலில் நீண்ட தூரப் பயிற்சி தர ஆசைப்படுவோர் இதைக் கவனிக்க வேண்டும். இங்கே வெப்பத்தோடு ஏற்ற இறக்க நீரோட்டமும் கப்பல் சாலும் வேறு இருக்கின்றன.

மூச்சடக்கும் போட்டி இன்னொரு விபரீதம். பிள்ளைகள் வேக வேகமாக மூச்சிழுத்துவிட்டு, நீருக்கடியில் யார் அதிக தூரம் போவது என்று பந்தயம் கட்டுகிறார்கள். மூச்சு விட வேண்டும் என்ற தவிப்பைத் தருவது முக்கியமாக உடலில் சேரும் கரியமில வாயு. வேகமூச்சு அதை வெளியேற்றி விடுவதால் தவிப்பு வருவதற்கு முன்பே பிராணவாயு குறைந்து மயக்கம் வந்துவிடும். எந்தப் பயிற்சித் திட்டத்திலும் இதற்கு இடம் தரலாகாது.

குதிப்பதும் அப்படியே. ஸ்டார்ட்டிங் பிளாக் வைக்கும் இடத்தில் குறைந்தது 1.35 மீட்டர் ஆழம் வேண்டும் என்பது சர்வதேச விதி, அது தேர்ந்தவர்களுக்கு. புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு இன்னும் ஆழம் நல்லது. அதையும் களைத்துப்போன கடைசி நேரத்தில் வைக்காமல், உடல் சூடேறியதும் முதலிலேயே முடித்துவிட வேண்டும். ஒரே லேனில் நால்வர் நீந்தினால் அனைவரும் ஒரு பக்கமாகப் போய் மறு பக்கமாகத் திரும்ப வேண்டும். ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டியை எதிரெதிரே விட்டால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

கட்டணம் கட்டுமுன் பெற்றோர் கேட்க வேண்டியது, எத்தனை மெடல் வாங்கினார்கள் என்பதல்ல. கரையில் கண்காணிக்க மட்டும் ஒருவர் இருக்கிறாரா, அவருக்கு மீட்கவும் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யவும் தெரியுமா, இறங்கும்போதும் ஏறும்போதும் தலை எண்ணுகிறார்களா? இந்த மூன்றுக்கும் பதில் வராத இடத்தில் நான் என் பேரனைச் சேர்க்க மாட்டேன்.