ஓசை எங்கே நின்றது?



போன மாத இதழ் அச்சுக்குப் போவதற்கு முந்தின நாள் இரவு எட்டரை மணிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவர் நம் நெடுநாள் வாசகர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பார்வையை இழந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இதழ் அச்சாகுமுன் அதைக் கடைசியாகக் கேட்டுப் பார்ப்பவர் அவர்தான். பக்கங்களை மின்னஞ்சலில் அனுப்புவோம். அவருடைய கணினி அவற்றை வாசிக்கும், அவர் கேட்பார். நான்கு பேர் கண்ணால் பார்த்தும் தப்பிய ஒற்றுப்பிழை அவர் காதில் விழுந்துவிடும். இந்த இதழ் ஓரளவு பிழையின்றி உங்கள் கைக்கு வருவதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

“சார், காலையிலேர்ந்து கம்ப்யூட்டர்ல சத்தமே வரலை. கடையிலேர்ந்து தம்பி வந்து பார்த்தாரு. மதர்போர்டுல சவுண்ட் போயிடுச்சாம், போர்டையே மாத்தணுங்கிறாரு. இல்லேன்னா ஃபார்மட் போட்டுப் பார்க்கலாமாம். உள்ளே பதினஞ்சு வருஷக் குறிப்பெல்லாம் இருக்கு சார்” என்றார். குரல் தழைந்திருந்தது.

நம் வீட்டுக் கணினியில் சத்தம் போனால் பாட்டு நிற்கும், சினிமா ஊமையாகும். திரை இருக்கிறது, எழுத்து இருக்கிறது, வேலை நடக்கும். அவருக்கு அப்படியில்லை. எந்தக் கோப்பு திறந்திருக்கிறது, எந்த விசையை அழுத்தினோம், மின்னஞ்சல் வந்ததா என்பதெல்லாம் அவருக்குக் குரலாகவே வருகின்றன. சத்தம் நின்றால் அவருக்குக் கணினி முழுவதுமே அணைந்த மாதிரி. கோளாறு எங்கே என்று தேடுவதற்கும் அதே குரல்தான் வேண்டும். அதுதான் இல்லை.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு எங்கள் ஊர்க் கடைத்தெருவில் இருந்த ரேடியோ மெக்கானிக்கின் நினைவு வந்தது. ஊமையாகிப்போன வால்வு ரேடியோவை யாராவது கொண்டுவந்தால், அவர் முதலில் எதையும் கழற்ற மாட்டார், மாற்ற மாட்டார். பின்மூடியைத் திறந்து, செட்டை ஆன் செய்துவிட்டு, வால்யூம் கண்ட்ரோலின் நடுக்காலை ஸ்க்ரூடிரைவர் நுனியால் மெல்லத் தொடுவார். ஸ்பீக்கரில் ‘உர்ர்’ என்று ஒரு உறுமல் வரும். “இங்கேர்ந்து ஸ்பீக்கர் வரைக்கும் நல்லாருக்கு தம்பி. கோளாறு இதுக்கு மேலே” என்பார். பிறகு ஒரு படி பின்னால் போய்த் தொடுவார். உறுமல் எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. சிறுவனாக வேடிக்கை பார்த்த அந்த வித்தையைவிட நல்ல வழியை இன்றுவரை நான் கற்கவில்லை.

ஆசிரியரின் பேத்தி ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். போனை அவளிடம் கொடுக்கச் சொன்னேன்.

“கண்ணு, ஸ்பீக்கர் ஆன்லயே இருக்கட்டும். வால்யூமைப் பாதிக்கு வை. சிபியு பின்னாடி ஸ்பீக்கர் ஒயர் செருகியிருக்கும் பாரு, அதை உருவிக்கோ. அந்தப் பின்னோட நுனியை விரலால தொடு.”

இரண்டு நொடி அமைதி. பிறகு, “ஐயோ அங்கிள், உர்ர்னு கத்துது!”

வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று அதிர்கிறது. நம் உடம்பு அந்த அதிர்வை ஆன்டெனா போலப் பிடித்து, விரல் வழியாக ஒயருக்குள் விடுகிறது. ஸ்பீக்கருக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்கி உறுமலாக்குகிறது. தனி மின்சாரத்தில் ஓடும், இப்படி ஒயர் செருகும் கணினி ஸ்பீக்கர்கள் பெரும்பாலானவற்றில் இதைச் செய்து பார்க்கலாம், ஸ்பீக்கர் பழுதின்றி இருந்தால் கைக்கு ஆபத்தில்லை. அந்த ஓர் உறுமலில் ஸ்பீக்கர் நல்லது, ஒயர் நல்லது, பிளக் பாயின்ட்டில் கரண்ட் இருக்கிறது என்று மூன்று சேதிகள் கிடைத்துவிட்டன. பாதி வழி தாண்டியாயிற்று.

மறுபடி செருகச் சொன்னேன். பச்சை வளையத்தில்தான் செருக வேண்டும். ரோஸ் நிறம் மைக்குக்கு, இளநீலம் வெளியிலிருந்து ஒலி உள்ளே வருவதற்கு. 1990-களின் கடைசியில் மைக்ரோசாஃப்டும் இன்டெலும் சேர்ந்து வகுத்த வண்ணங்கள் இவை. பெருக்கித் துடைக்கும்போது மேசையை நகர்த்தி, கழன்ற ஒயரை அவசரத்தில் ரோஸ் துளையில் செருகிவிட்டு, கணினி ஊமையாகிவிட்டதாக நினைத்த வீடுகள் எத்தனையோ. தனியாக ஒரு சவுண்ட் கார்டு வாங்கிப் போட்டவர்களுக்கு இன்னொரு குழப்பம் உண்டு. மதர்போர்டில் ஒரு பச்சை, புதிய கார்டில் ஒரு பச்சை என்று பின்பக்கம் இரண்டு பச்சைத் துளைகள் இருக்கும். ஒலி ஒன்றில் வரும், ஒயர் மற்றதில் இருக்கும்.

பேத்தி சரியான பச்சையில்தான் செருகியிருந்தாள். அடுத்ததாக, திரையின் வலது கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, அங்கே என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னேன். எழுத்துக்கூட்டி வாசித்தாள். அது ஸ்பீக்கரின் பெயரோ சவுண்ட் சிப்பின் பெயரோ இல்லை, ஒரு மானிட்டர் கம்பெனியின் பெயர்.

“புது மானிட்டரா கண்ணு?”

“ஆமா அங்கிள். பழசு மங்கலா இருக்குன்னு நேத்து ராத்திரி சித்தப்பா எனக்கு வாங்கிட்டு வந்தாரு.”

விஷயம் அங்கேதான் இருந்தது. பழைய மானிட்டருக்கு விஜிஏ ஒயர், இரண்டு பக்கமும் திருகு வைத்த நீல முனை. அது படத்தை மட்டுமே கொண்டுபோகும். புதியது எச்டிஎம்ஐ. அதில் படமும் போகும், ஒலியும் போகும். புது மானிட்டரைச் செருகியதும் விண்டோஸ் அதையும் ஓர் ஒலிக்கருவியாகக் கண்டு, ஒலி முழுவதையும் அந்தப் பக்கம் திருப்பிவிட்டது. அந்த மானிட்டரிலோ ஸ்பீக்கர் கிடையாது, ஹெட்போன் செருக ஒரு துளை மட்டும்தான். காலையிலிருந்து கணினி பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறது, வாயில்லாத ஒரு பெட்டிக்குள்.

பட்டியலை விரித்து, ஸ்பீக்கர்ஸ் என்று தொடங்கும் வரியைத் தொடச் சொன்னேன். தொட்டாள். போனில் எனக்கே கேட்டது, ஒரு சொல்லின் நடுவிலிருந்து கிளம்பி மடமடவென்று ஓடிய அந்தக் குரல். பழகாத காதுக்கு ஒரு சொல்லும் பிடிபடாத வேகம். அவர் எப்போதும் அந்த வேகத்தில்தான் கேட்பார். அதற்குப் பின்னால் அவர் சிரித்ததும் கேட்டது. “வந்துட்டான் சார், வந்துட்டான்” என்றார்.

ஒரு ரூபாய் செலவில்லை. மதர்போர்டு அப்படியே இருக்கிறது. பதினைந்து ஆண்டுக் குறிப்புகள் பத்திரமாக இருக்கின்றன. அன்றிரவு கேள்வி கேட்காமல் ஃபார்மட் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது. அந்தக் கடைத் தம்பியைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஒரு நாளில் பத்து வீடு ஏறி இறங்குகிறவர். ஆனால் ‘போர்டு போச்சு’ என்ற தீர்ப்பு கடைசியில் வர வேண்டியது, முதலில் வந்துவிட்டது.

ஒலி அட்டை எனும் சவுண்ட் கார்டின் கதையிலும் ஒரு பழுதுபார்க்கும் கடைக்குப் பெரிய இடம் உண்டு. 1981-இல் ஐபிஎம் பிசி வெளிவந்தபோது அதற்குள் இருந்தது ‘பீப்’ என்று கத்தும் ஒரு குட்டி ஸ்பீக்கர் மட்டுமே. அதே ஆண்டு சிங்கப்பூர் சைனாடவுனில், பேர்ல்ஸ் சென்டர் கட்டடத்தில், சிம் வோங் ஹூ என்ற இளைஞர் ஒரு நண்பரோடு சேர்ந்து கணினி பழுதுபார்க்கும் கடை திறந்தார். கிரியேட்டிவ் என்று பெயர். ஹார்மோனிகா வாசிப்பவர் அவர். கணினி பாட வேண்டும், பேச வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. கனடாவின் ஆட்லிப் அட்டை 1987-இல் வந்து கணினிக்கு இசை தந்தது. 1989-இல் கிரியேட்டிவ் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டர், அந்த இசையோடு, பதிவுசெய்த மனிதக் குரலையும் ஒலிக்கச் செய்தது. உலகம் முழுவதும் வீட்டுக் கணினிகள் வாய் திறந்தது அதற்குப் பிறகுதான் என்று சொன்னால் மிகையில்லை. 1992-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் இடம்பெற்ற முதல் சிங்கப்பூர் நிறுவனமும் அதுதான். சிம் 2023 ஜனவரியில் காலமானார்.

தொண்ணூறுகளில் எங்கள் அச்சகக் கணினியில் அப்படி ஓர் அட்டையைப் பொருத்திய நாள் நினைவிருக்கிறது. முகவரி 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1 என்று எண்களைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பிரிண்டரும் அந்த ஏழாம் எண்ணில்தான் இருந்தது. இரண்டும் மோதிக்கொள்ள, அட்டையில் இரண்டு முனைகளை இணைத்திருந்த குண்டூசித் தலையளவு ஜம்பரை இடுக்கியால் பிடுங்கி ஐந்துக்கு மாற்றிய பிறகு பாட்டு வந்தது. இன்று அந்தப் பெரிய அட்டை பெரும்பாலும் மறைந்து, மதர்போர்டின் ஓரத்தில் நகத்தளவு சிப்பாகச் சுருங்கிவிட்டது. பெட்டியைத் திறந்தால் பாருங்கள், பல போர்டுகளில் அந்தச் சிப்பின்மேல் ஒரு நண்டுப் படம் இருக்கும். ரியல்டெக் கம்பெனியின் சின்னம் அது. குறுந்தட்டுத் தரத்துப் பாட்டென்றால் இடம், வலம் என ஒவ்வொரு தடத்துக்கும் வினாடிக்கு 44,100 எண்கள் அதற்குள் போய், அலையாக மாறி, பச்சைத் துளை வழியே வெளியே வருகின்றன.

அந்த வழியில் கதவுகள் பல. எது வேண்டுமானாலும் சாத்தியிருக்கலாம். விண்டோஸ் அப்டேட் ஆன மறுநாள் சத்தம் போயிருந்தால் அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவரைச் சந்தேகியுங்கள். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் தெரிகிறதா என்று பார்த்து, பழைய டிரைவருக்கே திரும்புங்கள். இல்லையென்றால் அதை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள், பெரும்பாலும் தானே சரியாகும். சவுண்ட் கருவியின் பெயரே அங்கே இல்லையென்றால் கணினி தொடங்கும்போதே திறக்கும் பயாஸ் அமைப்பில் அது அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் டெர்மினலில் ஆல்சாமிக்ஸரைத் திறந்தால், மூடியிருக்கும் தடத்தின் அடியில் இரண்டு ‘எம்’ எழுத்துகள் நிற்கும். ‘எம்’ விசையை ஒருமுறை அழுத்தினால் திறந்துவிடும்.

முன்பக்க ஹெட்போன் துளையையும் மறக்க வேண்டாம். அடிக்கடி செருகிப் பிடுங்கித் தேய்ந்த துளையில், உள்ளே ஹெட்போன் இருப்பதாகவே கணினி நம்பிக்கொண்டு பின்பக்கத்தை மூடிவிடும். ஒருமுறை செருகி எடுத்தால் சில நேரம் திறந்துகொள்ளும். ஏசி-97 என்ற ஒலித்தரம் இருந்த காலத்துப் பழைய மதர்போர்டுகளில் இன்னொரு சங்கதி. பின்பக்க ஒலியே முன்பக்க இணைப்பு முனையின் இரண்டு ஜம்பர்கள் வழியாகத்தான் போய்வரும். பெட்டி மாற்றும்போது தேவையில்லை என்று அவற்றைப் பிடுங்கிப்போட்டால் பின்பக்கம் செத்துப்போகும். அப்படிச் ‘செத்த’ போர்டு ஒன்று, ஐந்து காசு பெறாத இரண்டு ஜம்பர்களில் உயிர்பெற்றதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

இடி மின்னலில் சிப் உண்மையாகவே எரிந்துபோவதும் உண்டு. அப்போதும் போர்டை மாற்ற வேண்டியதில்லை. கட்டைவிரல் அளவு யூஎஸ்பி சவுண்ட் அடாப்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. செருகினால் போதும்.

இதையெல்லாம் விரிவாக எழுதக் காரணம் அந்த ஆசிரியர் மட்டுமல்ல. திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் என்விடிஏ என்ற மென்பொருள் (திரைவாசிப்பான்), பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் மைக்கேல் கரன் 2006-இல் எழுதத் தொடங்கியது. பார்வையற்றவரான ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்துகொண்டார். விலையில்லாமல் கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கிறது. அதன் துணையால் படிக்கிற, தேர்வெழுதுகிற, வங்கியில் வேலை பார்க்கிற பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் கணினியில் கைவைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். மானிட்டரையோ ஒயரையோ மாற்றினால், எழுந்து போகுமுன் கண்ட்ரோல், ஆல்ட், என் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். என்விடிஏ மறுபடி தொடங்கிப் பேச வேண்டும். பேசினால் கிளம்புங்கள்.

வாசகர்களுக்கும் ஒன்று. யூஎஸ்பி ஹெட்போனுக்குள் தனியாக ஒரு குட்டி ஒலி அட்டை இருக்கிறது. அதைச் செருகியதும் விண்டோஸ் பெரும்பாலும் ஒலியை அந்தப் பக்கம் திருப்பிவிடும். கண் தெரியாதவர் யார் துணையும் இல்லாமல், தடவிப் பார்த்தே தன் கணினியின் குரலை மீட்டுக்கொள்ள அது போதும். ஆசிரியர் வீட்டு மேசை இழுப்பறையில் இப்போது ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ பார்வையற்றவர் ஒருவர் கணினி வைத்திருந்தால், இந்த வாரமே ஒன்று வாங்கிக் கொடுங்கள். அவரையே செருகச் சொல்லி, குரல் வருகிறதா என்று பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
இதழாசிரியர்