லொசார்ட்டன் குளிசையும் கிளினிக் நாளும்

பிரஷர் குளிசை எடுப்பவர் ஒருவராவது இல்லாத லயத்தை இன்று காண்பது அரிது. அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் நம்மவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் குளிசைகளில் ஒன்று லொசார்ட்டன். மாதாமாதம் வாங்கி வருகிறோம். ஆனால் அது என்ன செய்கிறது என்று நமக்கு யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. உறையின் மேல் எழுதியிருப்பதும் தமிழில் இல்லை.

இரத்தக் குழாய்களை இறுக்கும் ஆஞ்சியோடென்சின் என்ற பொருள் உடம்பிலேயே உண்டாகிறது. லொசார்ட்டன் அதன் வேலையைத் தடுக்கிறது. குழாய் தளர்ந்தால் அழுத்தம் குறைகிறது, இருதயத்தின் சுமையும் குறைகிறது. இது காய்ச்சலுக்கு எடுக்கும் மருந்தைப் போன்றதல்ல. இன்றைய குளிசை இன்றைக்கு மட்டும்தான் காவல். முழுப் பலன் தெரிய 3 முதல் 6 வாரம் வரை செல்லும்.

"தலைச்சுற்று நின்றுவிட்டது, இனி எதற்கு?" என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம். பிரஷர் 140க்கு 90ஐத் தாண்டி நின்றாலும் பலருக்கு எந்த வருத்தமும் தெரியாது. தெரியாமலே ஏறி, ஒரு நாள் பாரிசவாதமாகவோ மாரடைப்பாகவோ வந்து விழும். சுகமாக இருப்பது குளிசை வேலை செய்வதால்தான். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் எடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டை ஒன்றாகப் போட வேண்டாம். பக்கத்துக் காம்பராவில் கடன் வாங்குவதும் கூடாது.

கொழுந்து எடுக்கும் சகோதரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முழங்கால் வலி, இடுப்பு வலி என்று கடையில் டைக்குளோபெனாக் வாங்கிப் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது பிரஷரை ஏற்றும். லொசார்ட்டனோடு சேர்ந்தால் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். வலிக்கு என்ன எடுக்கலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். பிள்ளை தங்கியிருந்தால், அல்லது தங்கும் எண்ணம் இருந்தால், உடனே டாக்டரிடமோ மிட்வைபிடமோ சொல்ல வேண்டும். லொசார்ட்டன் வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல். அவர்களுக்கு வேறு மருந்து தருவார்கள்.

தொடக்கத்தில் தலை கிறுகிறுக்கலாம். சரிவில் கூடையோடு சட்டென்று நிமிராதீர்கள். வயிற்றோட்டம், வாந்தி கடுமையானால் குளிசையைத் தொடர்வதா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். உதடு, நாக்கு, முகம் வீங்கினால் காத்திருக்காமல் 1990க்கு அழையுங்கள். கருவாடும் கட்டச் சம்பலும் இல்லாமல் ரொட்டி இறங்காது என்பது எமக்கும் தெரியும். ஆனாலும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி உப்புக்கு மேல் வேண்டாம்.

இவ்வளவையும் தொழிலாளிக்குச் சொல்லிவிட்டு, மிச்சத்தை அவர் பொறுப்பு என்று விட்டுவிட சங்கம் ஆயத்தமில்லை. கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போகிறது. பஸ் காசு தனி. விடியற்காலையில் வரிசையில் நின்றவர் வீடு திரும்பப் பின்நேரம் ஆகிறது. மாதத்தில் ஒரு நாள் சம்பளத்தை இழந்துதான் இலவச மருந்தைப் பெறுகிறார் என்றால், அது எப்படி இலவசமாகும்? குளிசை முடிந்தும் போகாமல் இருப்பவரை அசட்டை என்று திட்டுவது சுலபம். அவருடைய சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டுத் திட்டட்டும்.

கிளினிக் கொப்பியைக் காட்டினால் அந்த நாளுக்குப் பேர் போட வேண்டும். பிரஷர் கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கு டாக்டர் சம்மதித்தால் இரண்டு மாத மருந்தை ஒன்றாகக் கொடுக்கலாம். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது கிளினிக் மருந்தைத் தபாலில் அனுப்ப முடிந்தது. ஆகவே முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். தோட்ட மருந்தகத்தில் வேலை செய்யும் பிரஷர் கருவி இருக்க வேண்டும். உறையில் தமிழிலும் எழுத வேண்டும். 1987 முதல் தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழிதான்.

தோட்டத் தலைவர்மாரும் மாதர் தலைவிமாரும் தங்கள் டிவிசனில் கிளினிக் போகிறவர்கள் எத்தனை பேர், எந்த நாளில் போகிறார்கள், அன்று பேர் போடப்படுகிறதா என்ற விபரத்தை இம்மாத முடிவுக்குள் மாவட்டக் காரியாலயத்துக்கு எழுதி அனுப்பவும். நோயாளியின் பெயர் வேண்டாம், கணக்கு போதும். நிர்வாகத்தோடு பேசப் போகும்போது அந்தக் கணக்கு எமது கையில் இருக்க வேண்டும்.