தாய்க்குப் புரியாத அட்டை



குழந்தை மரணத்தைக் குறைத்ததில் கேரளம் நாட்டுக்கே வழிகாட்டி என்கிறார்கள். உண்மைதான். 2023-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை இந்தியாவில் 25, கேரளத்தில் 5. ஆனால் மாநிலச் சராசரி மேடு பள்ளத்தைக் காட்டாது. இதே கேரளத்தில், பாலக்காட்டு எல்லையிலுள்ள அட்டப்பாடியில், 2013-இல் ஆதிவாசிப் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து மடிந்ததை நாடே பார்த்தது. தாய்மாரின் சோகையும் அரைவயிறும் அப்போதுதான் அதிகாரிகளின் கண்ணில் பட்டன.

நம் லயங்களில் நடப்பது என்ன? கர்ப்பிணிக்கு ஓர் அட்டை தருகிறார்கள். நாம் பார்த்த அட்டைகள் மலையாளத்தில் அச்சிட்டவை. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அது புரியவில்லை. ஏழாம் மாதம் அவள் போடிக்கோ கம்பத்துக்கோ தாய்வீடு போகிறாள். அங்குள்ள நர்ஸம்மாவுக்கும் அது புரியவில்லை. ரத்த அழுத்தம் எப்போது ஏறியது, இரும்புச்சத்து மாத்திரை எத்தனை நாள் தின்றாள் என்று கேட்டால், நினைவில் இருப்பதைச் சொல்கிறாள். பிள்ளையோடு மலையேறித் திரும்பினால் கதை தலைகீழ். ஆறாவது வாரத் தடுப்பூசி அங்கே போட்டாயிற்று. பத்தாவது வாரத்தது இங்கே போட வேண்டும். கையில் இருப்பதோ தமிழ் அட்டை. திட்டு வாங்குகிறவள் தாய்தான்!

பணத்திலும் இதே கதி. தமிழ்நாட்டில் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாய். அதற்குக் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே அங்கே பதிந்து எண் வாங்க வேண்டும். ஏலக்காட்டில் வேலை செய்து இங்கே பதிந்தவள் அங்கே போய்ச் சேரும்போது காலம் கடந்துவிடுகிறது.

ஆஷா பணியாளர்களை நாம் குறை சொல்லவில்லை. அவர்களே 2025 பிப்ரவரியில் கூலி உயர்வு கேட்டுத் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்தவர்கள். நமது கேள்வி அரசிடம்.

1956-இல் மாநில எல்லை வகுத்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. நம்மைக் கேட்டா கோடு போட்டார்கள்? அந்தக் கோட்டுக்குப் பிள்ளை பெறுகிறவள் ஏன் விலை கொடுக்க வேண்டும்? 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் என்ன சொல்கிறது? சிறுபான்மைப் பகுதியாக அறிவித்த இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்குத் தமிழர் தமிழிலேயே எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும். மனுவுக்குத் தமிழ் உண்டு, மருந்துச் சீட்டுக்குக் கிடையாதா?

அட்டை இரண்டு மொழியிலும் அச்சாக வேண்டும். கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாளில் தமிழ் தெரிந்த ஒருவர் சுகாதார நிலையத்தில் இருக்க வேண்டும். இங்கே பதிந்ததை எல்லைக்கு அப்பாலும் ஏற்க வேண்டும். இதில் சென்னைக்கும் பொறுப்பு உண்டு.

அடுத்த கிராமசபைக்கு அட்டையோடு வாருங்கள். மனுவைத் தமிழில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குச் சங்கத் தோழர்கள் எழுதித் தருவார்கள். மலையாளத்தில் பதில் வந்தால் அதைக் கிழிக்காமல் சங்கத்தில் கொண்டுவந்து கொடுங்கள்.