ஆய்வா, பல்கலைக்கழகப் பெயரா?

இராஜபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 12 கிலோமீட்டர். 2018ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவ்விரண்டு ஊர்களுக்கும் நடுவே, கடல் கடந்த பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர் வந்து நின்றது. அந்நிகழ்வு நம் மாவட்டத்தார் பலருக்கும் நினைவிருக்கும். எனினும், தமிழ் பயில்வோர் அதிலிருந்து எண்ணிப் பார்க்க வேண்டிய ஒரு செய்தி ஆரவாரத்தில் அமுங்கிப் போயிற்று என்பதே நம் கருத்து.

அவ்வாண்டு சனவரி 7 அன்று, இராஜபாளையத்தில் தினமணி நாளிதழ் நடத்திய விழாவில் கவிஞர் வைரமுத்து அவர்கள் 'தமிழை ஆண்டாள்' என்னும் கட்டுரையை வாசித்தார். ஆண்டாளின் தமிழைப் புகழ எழுந்த அக்கட்டுரையில், ஆங்கில நூலொன்றின் வரி மேற்கோளாக இடம்பெற்றிருந்தது. அந்நூல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது என்று கூறப்பட்டது. ஆண்டாளைத் தாயாராக வழிபடுவோரின் உள்ளத்தை அவ்வரி புண்படுத்தியது. அதனை ஈண்டு மீண்டும் எழுத நாம் விரும்பவில்லை. சீறாப்புராணத்தையும் திருப்பாவையையும் ஒரே துறையில் கற்பிக்கும் நமக்கு, பிறர் போற்றும் ஒருவரைப் பற்றிப் பேசுங்கால் கொள்ள வேண்டிய அடக்கம் புதிதன்று. போராட்டம், உண்ணாநோன்பு, வழக்கு, வருத்தம் தெரிவித்தல் என்று அடுத்தடுத்து நிகழ்ந்தவற்றை நாடறியும்.

நாம் சுட்ட விரும்புவது வேறொன்று. மேற்கோள் காட்டப்பெற்ற நூல், சுபாஷ் சந்திர மாலிக் பதிப்பித்த கட்டுரைத் தொகுதி. அதனை வெளியிட்டது இந்தியானா பல்கலைக்கழகம் அன்று. சிம்லாவிலுள்ள இந்திய உயராய்வு நிறுவனமே 1978இல் வெளியிட்டது. அவ்வரி இடம்பெற்ற கட்டுரையை எழுதியோர் எம்.ஜி.எஸ். நாராயணன், கேசவன் வேலுத்தாட் என்னும் இருவர். இருவரும் கேரள வரலாற்றறிஞர். நமக்கு அண்டை வீட்டார் எனலாம்.

இத்தகைய பெயர் மாற்றம் நேர்தல் அரிதன்று. அமெரிக்கா நமக்குக் கோதுமை விற்று ஈட்டிய ரூபாயைக் கொண்டு, 1962 முதற்கொண்டு இந்திய மொழி நூல்களை வாங்கித் தன் நாட்டுப் பல்கலைக்கழக நூலகங்களுக்கு அனுப்பி வந்தது. பி.எல். 480 என்னும் அத்திட்டத்தால் தமிழ் நூல்களும் கப்பலேறின. இவ்வாறும் பிறவாறும் அங்கே சேர்ந்த நூல்கள் பிற்காலத்தில் கணினியில் படியெடுக்கப் பெற்றபோது, படி எந்நூலகத்தினது என்னும் குறிப்பும் உடன் சேர்ந்தது. அக்குறிப்பை வெளியீட்டாளர் பெயராகக் கொள்வது அவசரத்தில் எவருக்கும் நேரக்கூடியதே.

ஆயின் ஒரு வினா எஞ்சுகிறது. "கேரள அறிஞர் இருவர் எழுதினர், சிம்லாவில் அச்சாயிற்று" என்று சொல்லியிருந்தால் அவ்வரிக்கு அத்துணை எடை கிட்டியிருக்குமா? கிட்டியிராது. அமெரிக்கா என்றதும் நிமிர்ந்து உட்காரும் வழக்கம் நம்மிடம் உள்ளது. பட்டிமன்றத்திலும் ஆய்வேட்டிலும் "அமெரிக்கப் பல்கலைக்கழகம் கூறுகிறது" என்னும் தொடர் அடிக்கடி வருகிறது. பல்கலைக்கழகம் எதனையும் கூறுவதில்லை. அங்குள்ள ஒருவர் கூறுகிறார். பக்கத்து அறைக்காரர் மறுக்கிறார். எந்தக் கல்வெட்டு, எந்த உரை, எந்தச் சுவடி அக்கூற்றைத் தாங்குகிறது என்பதே அங்கே கேள்வி. அக்கேள்வி 2018இல் இரு தரப்பிலும் மெலிந்தே ஒலித்தது.

உயர்ந்த பல்கலைக்கழகங்களின் பெருமை வேறோரிடத்தில் இருக்கிறது. மைசூரில் பிறந்து, மதுரைத் தியாகராசர் கல்லூரியிலும் ஆசிரியராயிருந்த ஏ.கே. இராமானுஜன், 1962இல் சிகாகோ பல்கலைக்கழகம் சேர்ந்த புதிதில் பழந்தமிழ் இலக்கண நூலொன்றைத் தேடி நூலகத்தின் நிலவறைக்குச் சென்றார். அங்கே பட்டியலிடப்படாமல் கிடந்த நூல்களிடையே உ.வே.சா.வின் குறுந்தொகைப் பதிப்பு அவர் கைக்கு வந்தது. 1967இல் அவர்தம் ஆங்கில மொழிபெயர்ப்பு 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' வெளிவந்து, சங்கப் பாடல்களை உலகறியச் செய்தது. மாணவரோ ஆசிரியரோ தாமே அடுக்குகளுக்குள் நடந்து, தேடாத நூலையும் கண்டெடுக்கும் உரிமைதான் அங்கே பயன் தந்தது. நம் ஊர்க் கல்லூரிகள் பலவற்றில் நூலக அலமாரிக்குப் பூட்டு உண்டு. திறவுகோல் யாரிடம் என்பது பல வேளைகளில் ஆய்வுக்குரிய பொருள்!

ஆண்டாளைப் பற்றியே மற்றொரு சான்று உண்டு. அர்ச்சனா வெங்கடேசன் பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆண்டாளைப் பற்றி ஆய்ந்து 2004இல் முனைவர் பட்டம் பெற்றார். திருவில்லிபுத்தூர்க் கோயிலில் அரையர்கள் பாசுரத்தை இசைத்தும் அபிநயித்தும் பொருள் விரிக்கும் அரையர் சேவையை ஓர் உரைமரபாகவே கொண்டு ஆராய்ந்து எழுதினார். திருப்பாவையின் 30 பாடல்களும் நாச்சியார் திருமொழியின் 143 பாடல்களும் அவர்தம் மொழிபெயர்ப்பில், 'தி சீக்ரெட் கார்லண்ட்' என்னும் பெயரில், 2010இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்தன. பெர்க்கிலியின் பெயரை நீக்கிவிட்டாலும் இவ்வுழைப்பு நிற்கும். 2018இல் அப்பெரும் பூசலின்போது இந்நூல் அச்சில் வந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. திருவில்லிபுத்தூரை நேரே கண்டு எழுதியவரை விட்டுவிட்டு, நாற்பது ஆண்டுப் பழமையான ஒரு வரியைப் பற்றி நாம் வழக்காடிக் கொண்டிருந்தோம்.

ஏறத்தாழ அதே காலத்தில்தான் ஹார்வர்டு தமிழ் இருக்கைக்காக உலகத் தமிழர் 60 இலட்சம் டாலர் திரட்டி முடித்தனர். தமிழக அரசு மட்டும் 10 கோடி ரூபாய் வழங்கியது. அதனைக் குறை கூறோம். தமிழுக்கு அங்கே ஓர் இடம் வேண்டுவதே. ஆயினும் அங்கே எழுதப்படும் நூல் இங்கே வந்து சேர வழியில்லையெனில், அப்பெயர் நமக்கு மேடையில் முழங்க மட்டுமே பயன்படும்.

கட்டடம் என்றால் முகம் மலர்ந்து வாரி வழங்கும் நம் சமுதாயப் பெரியோரிடம் ஒரு வேண்டுகோள். மேற்கூறிய நூல்களுள் ஒவ்வொன்றிலும் இரு படிகள், சிம்லாத் தொகுதி உட்பட, துறை நூலகத்திற்கு வேண்டும். பூட்டில்லாத அலமாரி ஒன்றும் வேண்டும்.