பெற்றோரைக் கப்பலேற்றுவதா, பெற்றோரோடு கப்பலேறுவதா?



திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூர் கடலில்லாத ஊர். மலையடிவாரத்தில் உள்ள காமராசர் அணையே இவ்வூரார் நாளும் காணும் பெரிய நீர்ப்பரப்பு. ஆத்தூரிலும் செம்பட்டி, சின்னாளப்பட்டி, வத்தலக்குண்டு முதலிய அண்டை ஊர்களிலும் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகளில் ஒருவராவது வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ ஐரோப்பாவிலோ பணியில் இருக்கிறார். கடன்களை அடைத்து, வீடு கட்டி, தங்கையரை மணமுடித்துக் கொடுத்துச் சற்றே மூச்சுவிடும் நிலைக்கு வந்த அப்பிள்ளைகள் சிலர் இப்போது ஒரு கேள்வியை எழுப்புகின்றனர். அத்தாவையும் அம்மாவையும் மத்தியதரைக் கடலில் சொகுசுக் கப்பலில் அழைத்துச் செல்ல விரும்புகிறோம். மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா என்பதே அது.

இக்கேள்விக்கு நம்மிடையே இரண்டு பதில்கள் உடனே கிடைத்துவிடுகின்றன. அது வீண்விரயம், அந்தப் பணத்தில் பெற்றோரை உம்ராவுக்கு அனுப்பலாம் என்பது ஒன்று. அவர் சம்பாதித்த பணம், அவர் விருப்பம் என்பது மற்றொன்று. இரண்டிலும் பெற்றோர் முன்னிற்கவில்லை, பணமே முன்னிற்கிறது. வளர்ந்த பிள்ளை பெற்றோருடன் சேர்ந்து மேற்கொள்ளும் பயணம், முறையாக அமையுமானால், அல்லாஹ்விடம் கூலி பெறத்தக்க நற்செயல் என்பது நமது கருத்து. அந்த முறை எது என்பதையே இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

காலம் எதற்காகவும் காத்திருப்பதில்லை என்பதற்கு நம் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. இப்னு பதூதா 1325ஆம் ஆண்டில், தம் 21ஆம் வயதில், மொராக்கோவின் தஞ்சா நகரிலிருந்து ஹஜ்ஜுக்காகப் புறப்பட்டார். தாய் தந்தை இருவரும் அப்போது உயிருடன் இருந்தனர். ஹஜ்ஜுடன் அவர் பயணம் நிற்கவில்லை. டெல்லிக்கு வந்தார், நமக்கு அண்மையிலுள்ள மதுரைக்கும் வந்து, சுல்தான் கியாசுத்தீன் தாமகானியின் அவையில் இருந்தார், சீனம் வரை சென்றதாக எழுதினார். 1348இல் திமிஷ்கு நகரை அடைந்தபோதுதான், தம் தந்தை 15 ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்ட செய்தி அவரை எட்டியது. பின்னர் மத்தியதரைக் கடலைக் கடந்து தாயகம் திரும்பினார். ஊரை நெருங்கும் வழியில், தாயும் கொள்ளைநோயில் மறைந்துவிட்டார் என்று அறிந்தார். உலகையே சுற்றிவந்த அம்மனிதருக்குத் தஞ்சாவில் எஞ்சியிருந்தது தாயின் கப்ரைச் சந்திப்பது மட்டுமே.

அவருக்குச் செய்தி வந்துசேர ஆண்டுகள் ஆயின. நமக்கு நொடியில் வந்துவிடுகிறது. ஆனாலும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. ஜனாஸாவைத் தாமதப்படுத்தாமல் அடக்கம் செய்வது நம் வழக்கம். ஆதலால் அயல்நாட்டிலிருக்கும் பிள்ளை விமானச் சீட்டுப் பெற்று ஊர் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிடுகிறது. தந்தையின் முகத்தைக் கைப்பேசித் திரையில் கடைசியாகப் பார்த்த பிள்ளைகள் நம் மஹல்லாக்களில் இருக்கின்றனர். ஆண்டுக்கு ஒரு மாத விடுப்பு. அந்த ஒரு மாதமும் கட்டட வேலை, திருமண விருந்து, பத்திரப் பதிவு என்று கரைந்துவிடுகிறது. பெற்றோர் அருகே அமர்ந்து பேசிய நேரத்தை எண்ணிப் பார்த்தால் சில மணி நேரம்கூடத் தேறாது. ஆகவே, பிள்ளை ஒருவர் தம் பெற்றோருடன் பத்து நாள்கள் முழுமையாக இருக்க விரும்புகிறேன் என்று சொன்னால், அதை ஆடம்பரம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை.

யமன் நாட்டு மனிதர் ஒருவர் தம் தாயை முதுகில் சுமந்தபடி கஅபாவைத் தவாஃப் செய்துகொண்டிருந்தார். தாய்க்குரிய கைம்மாறைச் செலுத்திவிட்டேனா என்று இப்னு உமர் (ரலி) அவர்களிடம் அவர் கேட்டார். பிரசவத்தின்போது அத்தாய் விட்ட ஒரு பெருமூச்சுக்குக்கூட அது ஈடாகாது என்ற கருத்தில் அவர்கள் விடையளித்தார்கள். இச்சம்பவத்தில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அம்மனிதர் தாயை யாரிடமும் ஒப்படைத்து அனுப்பவில்லை, தாமே சுமந்தார்.

இன்று நம் வழக்கம் என்ன? குழு ஏற்பாட்டாளரிடம் பணத்தைச் செலுத்தி, பெற்றோரை உம்ராவுக்கு அனுப்பிவிட்டு, கடமை முடிந்தது என்று நிறைவடைகிறோம். முழங்கால் வலியுள்ள தாய் அந்நிய ஊரின் நெரிசலில் முன்பின் அறியாதவரின் கையைப் பற்றி நடக்கிறார். வேறு வழியே இல்லாதவர்களைப் பற்றி நாம் பேசவில்லை. அவர்களின் எண்ணத்திற்கு அல்லாஹ் கூலி வழங்குவான். உடன் செல்ல வசதியும் விடுப்பும் இருந்தும், பணம் அனுப்பினால் போதும் என்று கருதுவோரைப் பற்றியே பேசுகிறோம்.

கப்பற்பயணம் நம் சமுதாயத்திற்குப் புதியதன்று. ஹஜ்ஜுக்காகப் பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குக் கப்பலில் செல்லும் வழக்கம் 1995 வரை நீடித்தது. எம்.வி. அக்பர் என்னும் பெயர் மூத்தோர் பலருக்கு இன்றும் நினைவிருக்கும். திண்டுக்கல் பகுதியினர் முதலில் ரயிலேறிப் பம்பாய் செல்ல வேண்டும். பின்னர் பல நாள்கள் கடலில் கழிக்க வேண்டும். அலையில் தலைசுற்றிப் படுத்த தந்தைக்கு உளூச் செய்ய நீர் கொண்டுவந்து கொடுப்பதும், தாயைக் கைப்பிடித்து மேல்தளத்திற்கு அழைத்துச் செல்வதும் உடன்சென்ற பிள்ளையின் பணிகள். இன்று விமானம் சில மணி நேரத்தில் ஜித்தாவில் இறக்கிவிடுகிறது. பயணத்தின் துன்பம் குறைந்தது அல்லாஹ்வின் அருள். அத்துடன், பணிவிடை செய்யக் கிடைத்த நாள்களும் குறைந்துவிட்டன.

மத்தியதரைக் கடலும் நமக்கு அந்நியமானதன்று. நபி (ஸல்) அவர்கள் முன்னறிவித்தபடியே கடற்படையுடன் சென்ற உம்மு ஹராம் (ரலி) அவர்கள் சைப்ரஸ் தீவில் மறைந்தார்கள். லார்னகா நகரத்து உப்பேரிக் கரையில் அவர்களின் அடக்கத்தலம் உள்ளது. 1183இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட அந்தலூசிய அறிஞர் இப்னு ஜுபைர், ஜெனோவாக் கிறித்தவர்களின் கப்பலில்தான் அலெக்சாந்திரியா வரை சென்றார். கப்பல் பிறருடையது என்பதாலேயே பயணம் கூடாததாகிவிடாது.

ஆயினும், இன்றைய சொகுசுக் கப்பல் வேறு வகையானது. அதில் மதுக்கூடமும் சூதாட்ட அரங்கும் ஆடல்பாடலும் வணிகத்தின் பகுதிகள். 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து இத்தகைய கப்பற்பயணம் தொடங்கப்பட்டபோது, அது புதுச்சேரிக்கு வருவதற்குச் சூதாட்டத்தைக் காரணம் காட்டி எதிர்ப்பு எழுந்ததை வாசகர்கள் அறிவார்கள். ஆகவே, புறப்படும் முன் சிலவற்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

முதலாவது, கடமைகளின் வரிசை. வசதியுள்ள தந்தைக்கோ பிள்ளைக்கோ ஹஜ் இன்னும் நிறைவேறாமல் இருக்குமானால், மத்தியதரைக் கடல் காத்திருக்கட்டும். ஸகாத் நிலுவை, திருப்பித் தரவேண்டிய கடன், சகோதரிக்குப் பிரித்துக் கொடுக்காத வாரிசுப் பங்கு இவையெல்லாம் முன்னே நிற்கின்றன. வட்டிக்குக் கடன் வாங்கியோ, வட்டியுடன் கூடிய மாதத் தவணையிலோ பயணச்சீட்டு எடுப்பதற்கு இடமே இல்லை.

இரண்டாவது, உணவு. இறைச்சி ஹலாலானதா என்று கேட்பதுடன் நின்றுவிடக் கூடாது. குழம்பில் மது சேர்ப்பதும், இனிப்பில் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் சேர்ப்பதும் ஐரோப்பியச் சமையலில் உண்டு. நம் பகுதி ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனஃபி வழியினர். மீன் அல்லாத கடலுணவு குறித்து ஷாஃபிஈ வழியினருக்குள்ள விரிவு அவர்களுக்கு இல்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். மது பரிமாறப்படும் மேசையில் அமர்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். தனி மேசையும் தனி உணவும் உறுதியாகக் கிடைக்காவிடில் அக்கப்பலை விட்டுவிடுவதே நேரியது.

மூன்றாவது, தொழுகை. பயணியருக்குரிய கஸ்ர் சலுகை கப்பலிலும் உண்டு. நிற்க இயன்றவர் நின்றும், தலைசுற்றுவோர் அமர்ந்தும் தொழலாம். நமக்கு மேற்கே இருக்கும் கிப்லா, மத்தியதரைக் கடலின் மேற்குப் பகுதியில் கிழக்கும் தென்கிழக்குமாக மாறிவிடும். ஜூன் இறுதியில் பார்சிலோனாவில் சூரியன் மறைய இரவு ஒன்பதரை மணி ஆகும். இஷா நள்ளிரவை நெருங்கும். ஃபஜ்ரும் விரைவில் வந்துவிடும். முதியோரின் உறக்கத்தை எண்ணினால், பகல் குறைந்த மாதங்களைத் தேர்ந்தெடுப்பது நலம்.

நான்காவது, பெற்றோரின் உடலும் உள்ளமும். அவர்களைக் கேட்காமலேயே சீட்டு எடுத்துவிட்டு வியப்பூட்டுவது இன்றைய நாகரிகமாகிவிட்டது. அவர்களின் அச்சங்கள் வேறு. கழிப்பறையில் தண்ணீர் இருக்குமா என்பதுதான் அம்மாவின் முதல் கவலையாக இருக்கும். கூச்சத்தால் அதை வெளியே சொல்லமாட்டார். ஒரு சிறு குவளையைப் பையில் வைத்துக்கொள்வது பிள்ளையின் பொறுப்பு. துறைமுகத்தில் இறங்கி எட்டு இடங்களைப் பார்க்கும் திட்டத்தை இரண்டாகச் சுருக்க வேண்டும். ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ அளவிலான மருத்துவக் காப்பீடு கட்டாயம். கப்பல் துருக்கிக்கோ துனிசியாவுக்கோ சென்று மீண்டும் ஐரோப்பாவுக்குத் திரும்புமானால், பலமுறை நுழையும் விசா வேண்டும். பெற்றோரும் தம் நோய்களை மறைக்காமல் சொல்லிவிடுவது பிள்ளைக்குச் செய்யும் உதவியாகும்.

கணவரை இழந்த தாய்மார்களை இங்கே தனியே நினைவுகூர்கிறோம். இத்தா முடிந்த பின்னும், துணையில்லை என்பதாலேயே வாசலைத் தாண்டாமல் முடங்கிவிடுகிற அவர்களுக்கு மகனே மஹ்ரம். மகள்களுக்கும் இதில் பங்குண்டு. தந்தையுடன் பயணம் செய்யும் மகள் அவருக்குத் துணை. தந்தை அவளுக்கு மஹ்ரம்.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் இன்னொரு கேள்வி எஞ்சுகிறது. நம் கருத்தில் அதுவே கனமானது. அயலகத்திலிருந்து வந்து பெற்றோரைப் பத்து நாள்கள் கப்பலில் அழைத்துச் செல்லும் பிள்ளையை ஊர் புகழ்கிறது. ஆண்டின் எஞ்சிய நாள்களெல்லாம் ஆத்தூரிலேயே இருந்து, இரவில் அத்தாவுக்கு மூச்சிரைத்தால் ஆட்டோ பிடித்துத் திண்டுக்கல் மருத்துவமனைக்கு ஓடும் பிள்ளையை யார் புகழ்கிறார்கள்? அம்மாவின் துணிகளைத் துவைத்து, பத்தியச் சோறு வடிக்கும் மருமகளின் பெயர் எந்தப் புகைப்படத்தில் வருகிறது? மாமியார் மாமனாருக்குச் செய்யும் பணிவிடை அப்பெண்ணின் பெருந்தன்மை; அதைக் கடமைபோல் எடுத்துக்கொள்வது அநீதி. அயலகப் பிள்ளை பெற்றோரை அழைத்துச் செல்லும் அந்நாள்களில், ஊரிலிருக்கும் சகோதரர் தம் மனைவி மக்களுடன் ஓய்வெடுக்கவோ வெளியூர் செல்லவோ செலவிட்டு உதவினால், ஒரே பயணத்தில் இரு நன்மைகள் விளையும். இயலாவிடில், அந்த ஒரு மாத விடுப்பில் இரவுப் பணிவிடையைத் தாம் ஏற்றுக்கொள்வது கப்பற்பயணத்திலும் மேலானது.

புகைப்படங்களைப் பற்றியும் ஒரு சொல். நினைவுக்காக எடுப்பது வேறு. ஒவ்வொரு வேளை உணவையும் ஊரார் காணப் பரப்புவது, பெற்றோருக்குச் செய்ததை முகஸ்துதியாக மாற்றிவிடும் அபாயம் உடையது. பெற்றோரை அழைத்துச் செல்ல இயலாத ஏழைப் பிள்ளைகளின் மனமும் அதனால் நோகும்.

அந்த ஏழைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். கடல் வேண்டுமென்றால் இராமேசுவரம் இருக்கிறது. கடலைக் கடக்க வேண்டுமென்றால், 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கிய நாகப்பட்டினம் – காங்கேசன்துறைப் பயணிகள் கப்பல் உண்டு. ஏறத்தாழ 60 கடல்மைல் தொலைவுதான். அதுவும் இயலாதெனில், அஸர் தொழுதபின் அத்தாவை வண்டியில் அமர்த்தி அணைக்கரை வரை அழைத்துச் சென்று, மஃரிபுக்குள் திரும்பிவிடலாம். வறிய பிள்ளையின் அந்த ஒரு மணி நேரம் அல்லாஹ்விடம் எடை குறைந்ததாக இராது.

முதுமையை அடைந்த பெற்றோரிடம் சலிப்புச் சொல்லைக்கூட உதிர்க்கலாகாது என்று திருமறை கட்டளையிடுகிறது. பயணம்தான் சலிப்பை வெளிக்கொணரும் இடம். ஒரே கேள்வியை அத்தா நான்காம் முறை கேட்கும்போதும், அம்மா மெல்ல நடப்பதால் வரிசை தவறும்போதும் நம் நாக்கு எப்படி இருக்கிறது என்பதில்தான் அப்பயணத்தின் கூலி அடங்கியிருக்கிறது. அதற்குத் தம்மை ஆயத்தப்படுத்திக்கொண்டவர் எந்தக் கப்பலில் ஏறினாலும் நன்மை பெறுவார். ஆயத்தப்படுத்திக்கொள்ளாதவர் முதலில் வீட்டுத் திண்ணையில் பெற்றோருடன் ஒரு வாரம் அமர்ந்து பழகட்டும்.

பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே அவர்களுக்குப் பணிவிடை செய்யும் தௌஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. மறைந்துவிட்ட பெற்றோரின் கப்ருகளை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.